தலைக்கு மேல் இருக்கும் பைக்கு யார் காவல்? விமானத் திருட்டின் சட்டமும் சூட்சுமமும்

பறக்கும் விமானத்துக்குள் திருட்டு என்று செய்தி வந்தாலே படிப்பவர்களுக்கு ஒரே சந்தேகம்தான் எழுகிறது. கதவு மூடியிருக்கிறது. இருநூறு முந்நூறு பேர் அடைபட்டு உட்கார்ந்திருக்கிறார்கள். திருடியவன் ஓடிப்போகவும் வழியில்லை. அங்கே எப்படி ஒருவன் கைவரிசை காட்ட முடியும்? காட்டுகிறார்கள். ஹாங்காங்கில் மட்டும் 2024ஆம் ஆண்டின் முதல் பத்து மாதங்களில் 169 விமானத் திருட்டுகள் பதிவாயின. முந்தைய ஆண்டின் அதே காலத்தைவிட 75 சதவீதம் கூடுதல். சிங்கப்பூரில் வந்திறங்கிய விமானங்களில் திருடிப் பிடிபட்டவர்களை அங்குள்ள நீதிமன்றங்கள் சிறைக்கு அனுப்பியிருக்கின்றன.

அடுத்து வரும் செய்தி குழப்பத்தை இன்னும் கூட்டுகிறது: விமான நிறுவனம் இழப்பீடு தர மறுத்துவிட்டது. டிக்கெட்டுக்குப் பணம் வாங்கிக்கொண்டு ஏற்றிச் சென்றவர்கள் அப்படிக் கைகழுவ முடியுமா? பல நேரங்களில் முடியும். எப்போது முடியும், எப்போது முடியாது என்பது பொருள் எந்தப் பையில் இருந்தது என்பதைப் பொறுத்தது. அங்கிருந்து தொடங்கினால் மற்றவை தானாகப் புரியும்.

இரண்டு பைகள், இரண்டு கணக்குகள்

விமானப் பயணத்தில் உடைமைகள் இரண்டு வகை. கவுன்டரில் எடைபோட்டு, சீட்டு ஒட்டி, நிறுவனத்திடம் கொடுத்துவிடும் பெட்டி 'ஒப்படைத்த உடைமை'. நாமே உள்ளே கொண்டுபோகும் பை, கைக்கடிகாரம், சட்டைப் பையில் இருக்கும் பர்ஸ் எல்லாம் 'ஒப்படைக்காத உடைமை'. சர்வதேசப் பயணங்களில் இவை இரண்டையும் வேறு வேறாகப் பார்க்கும் சட்டம் 1999இல் உருவான மான்ட்ரியல் உடன்படிக்கை. உலகின் பெரும்பாலான நாடுகள் இதில் சேர்ந்திருக்கின்றன.

அதன் 17ஆம் பிரிவு சொல்வது இது:

1. ஒப்படைத்த பெட்டி நிறுவனத்தின் பொறுப்பில் இருந்தபோது தொலைந்தாலோ, சேதமடைந்தாலோ நிறுவனம்தான் பொறுப்பு. தவறு யாருடையது என்று பயணி நிரூபிக்க வேண்டியதில்லை.

2. ஒப்படைக்காத பைக்கு அப்படி இல்லை. நிறுவனமோ அதன் ஊழியர்களோ செய்த தவறால் இழப்பு நேர்ந்திருந்தால் மட்டுமே பொறுப்பு.

இரண்டாவது விதியில்தான் எல்லாம் அடங்கியிருக்கிறது. பக்கத்து வரிசைப் பயணி உங்கள் பையைத் திறந்து பணத்தை எடுத்தால், அது ஊழியரின் தவறு இல்லை. ஆகவே இழப்பீடும் பெரும்பாலும் இல்லை. கண்ணுக்குத் தெரியாத சரக்கறைக்குப் போகும் பெட்டிக்குப் பொறுப்பாளி உண்டு. தலைக்கு மேல் இரண்டு அடி உயரத்தில் இருக்கும் பைக்குக் கிடையாது. 'கூடவேதானே இருக்கிறது' என்ற நிம்மதியில் நாம் வைக்கும் இடம்தான் சட்டத்தின் கண்ணில் காவல் இல்லாத இடம்.

அப்படியானால் விலை உயர்ந்ததை ஒப்படைத்துவிடலாமே என்று தோன்றும். அதுவும் சரிவராது.

இழப்பீட்டுக்கு ஒரு கூரை

ஒப்படைத்த பெட்டிக்கான பொறுப்புக்கு உச்சவரம்பு உண்டு. 2024 டிசம்பர் 28 முதல் அது ஒரு பயணிக்கு 1,519 எஸ்.டி.ஆர்.; அதற்கு முன் 1,288ஆக இருந்தது. எஸ்.டி.ஆர். என்பது பன்னாட்டு நிதியத்தின் கணக்கு அலகு. டாலர், யூரோ, யுவான், யென், பவுண்டு ஆகிய ஐந்து நாணயங்களின் கூட்டு மதிப்பிலிருந்து அது கணக்கிடப்படுகிறது. 1,519 என்பது ஏறத்தாழ 2,000 அமெரிக்க டாலர். கவனிக்க, இது ஒரு பெட்டிக்கு இல்லை, ஒரு பயணிக்கு. மூன்று பெட்டி தொலைந்தாலும் கூரை அதேதான்.

அந்தத் தொகையும் தானாகக் கைக்கு வராது. பெட்டி தொலைந்தால் உச்சவரம்புத் தொகை முழுவதும் கிடைக்கும் என்று நினைப்பது தவறு என ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் 2020இல் தெளிவாக்கியது. உள்ளே என்ன இருந்தது, அதன் மதிப்பு என்ன என்பதைப் பயணிதான் காட்ட வேண்டும். ரசீது இல்லாத நகைக்கும் எண்ணிக்கை தெரியாத ரொக்கத்துக்கும் எதைக் காட்டுவது?

இங்கே பலருக்குத் தெரியாத ஒரு செய்தி. 'ரொக்கம், நகை, மின்னணுக் கருவி ஆகியவற்றுக்கு ஒப்படைத்த பெட்டியில் எங்களுக்குப் பொறுப்பில்லை' என்று ஏறக்குறைய எல்லா நிறுவனங்களின் பயண நிபந்தனைகளிலும் ஒரு வரி இருக்கும். சர்வதேசப் பயணத்தில் அந்த வரி அப்படியே செல்லாது. பொறுப்பைத் தட்டிக்கழிக்கும் ஒப்பந்த வாசகங்கள் வெற்று வாசகங்களே என்கிறது உடன்படிக்கையின் 26ஆம் பிரிவு. பெட்டியை ஏற்றுக்கொண்ட பிறகு இப்படி விலக்குக் கேட்கக்கூடாது என்று அமெரிக்கப் போக்குவரத்துத் துறையும் 2009இல் நிறுவனங்களுக்கு அறிவுறுத்தியது. ஆனாலும் நிறுவனத்தின் கையில் இன்னொரு ஆயுதம் உண்டு. இழப்புக்குப் பயணியின் கவனக்குறைவும் காரணம் என்று காட்டினால், 20ஆம் பிரிவின்படி இழப்பீடு குறையும். வைர மோதிரத்தைப் பூட்டாத பெட்டியில் போட்டவர் அதற்கு என்ன பதில் சொல்வார்?

கூரையை உயர்த்திக்கொள்ளவும் ஒரு வழி இருக்கிறது. பெட்டியை ஒப்படைக்கும்போதே கூடுதல் மதிப்பை அறிவித்து, கேட்டால் அதற்கான கட்டணத்தைக் கட்டலாம். இசைக்கருவி, படப்பிடிப்புக் கருவி போன்று வேறு வழியே இல்லாமல் ஒப்படைக்க வேண்டியவற்றுக்கு இது உதவும்.

ஒன்று மறந்துவிடக்கூடாது. முற்றிலும் உள்நாட்டுப் பயணத்துக்கு இந்த உடன்படிக்கை பொருந்தாது. அந்தந்த நாட்டு விதிதான். ஆனால் சர்வதேச டிக்கெட்டின் ஒரு பகுதியாக வரும் உள்நாட்டுப் பயணம் இதற்குள் அடங்கும்.

மூடிய விமானத்தில் திருட்டு நடப்பது எப்படி?

இதுவரை பிடிபட்ட வழக்குகளைப் பார்த்தால் முறை ஏறத்தாழ ஒன்றாகவே இருக்கிறது. திருடன் அவசரப்படுவதில்லை. மற்றவர்களைப் போலவே டிக்கெட் வாங்கி, கையில் ஒரு சாதாரணப் பையோடு ஏறுகிறான். சில நேரம் இரண்டு மூன்று பேராக வந்து, தெரியாதவர்கள் போலத் தனித்தனியாக உட்காருகிறார்கள். அவன் தன் பையைத் தன் இருக்கைக்கு மேலே வைப்பதில்லை. சில வரிசைகள் தள்ளி, குறிவைத்தவரின் பைக்குப் பக்கத்தில் வைக்கிறான். பிறகு எழுந்துபோய் அந்தப் பெட்டகத்தைத் திறந்தாலும் யாருக்கும் சந்தேகம் வராது. அவன் பையும் அங்கேதானே இருக்கிறது!

அடுத்து அவன் எடுப்பது தன் பையை இல்லை, பக்கத்தில் இருப்பதை. இருக்கைக்கோ கழிவறைக்கோ கொண்டுபோய், துழாவிவிட்டு, திரும்ப அதே இடத்தில் வைத்துவிடுகிறான். யாராவது கேட்டால் பதில் தயார்: "மன்னிக்கணும், என் பைன்னு நினைச்சுட்டேன்." கறுப்பு நிறப் பைகள் வரிசையாக இருக்கும் இடத்தில் அந்தப் பதிலை யாரும் மறுக்க முடியாது.

எடுப்பதிலும் ஒரு கணக்கு இருக்கிறது. முழுக் கட்டையும் எடுத்தால் உடனே தெரிந்துவிடும். அதனால் கட்டின் நடுவிலிருந்து சில தாள்கள். நான்கு அட்டைகள் இருந்தால் அதிகம் பயன்படாத ஒன்று. சொந்தக்காரர் ஊர் போய்ச் சேர்ந்து, அறைக்குப் போய், பணத்தை எண்ணும்போதுதான் தெரியும். அப்போதும் 'நாமே எங்கோ செலவு செய்துவிட்டோமோ' என்றுதான் முதலில் நினைப்பார். திருடன் அதற்குள் அடுத்த விமானத்தில் இருப்பான். தப்பிக்க அவன் ஓட வேண்டியதில்லை. உங்களுக்குத் தாமதமாகத் தெரிந்தால் போதும்.

அவனுக்கு வசதியான நேரங்களும் உண்டு. விளக்கணைத்த இரவுப் பயணம், சாப்பாட்டு வண்டி நடைபாதையை அடைத்து நிற்கும் நேரம், ஏறும்போதும் இறங்கும்போதும் உண்டாகும் நெரிசல். இருக்கையில் வைத்துவிட்டுக் கழிவறைக்குப் போகும் பத்து நிமிடமும் அப்படித்தான்.

'கேமரா இருக்குமே' என்பார்கள். விமானி அறைக் கதவருகே கேமரா வைத்த விமானங்கள் நிறைய உண்டு. அவை அந்தக் கதவைக் காக்க வைத்தவை. பயணிகளின் பெட்டகங்களைக் கண்காணிக்க இல்லை.

எந்த நாட்டுப் போலீஸ்?

திருட்டு நடந்தது கடலுக்கு மேலே, முப்பதாயிரம் அடியில். அது எந்த நாட்டு எல்லை? இதற்கு 1963இன் டோக்கியோ உடன்படிக்கை பதில் சொல்கிறது. விமானம் எந்த நாட்டில் பதிவு செய்யப்பட்டதோ அந்த நாட்டுக்கு விசாரிக்கும் அதிகாரம். கேட்க எளிதாக இருக்கும். ஆனால் குத்தகைக்கு எடுத்த விமானத்தை ஓட்டும் நிறுவனம் ஒரு நாட்டிலும், அதன் பதிவு வேறொரு நாட்டிலும் இருப்பது இன்று சாதாரணம். பதிவு நாடு பல ஆயிரம் கிலோமீட்டர் தள்ளி இருந்தால், ஒரு பர்ஸ் திருட்டுக்காக அது அக்கறை எடுத்துக்கொள்ளுமா?

இறங்கிய நாட்டுப் போலீசும், தங்கள் சட்டம் அனுமதித்தால் ஒழிய, சந்தேகத்துக்குரியவரை விட்டுவிட வேண்டியிருக்கும். இந்த ஓட்டையை அடைக்கத்தான் 2014இல் மான்ட்ரியலில் ஒரு திருத்த நெறிமுறை உருவானது. இறங்கிய நாட்டுக்கும் விமானத்தை இயக்கும் நிறுவனத்தின் நாட்டுக்கும் அது அதிகாரம் தருகிறது. 2020 ஜனவரி 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. ஆனால் ஏற்றுக்கொண்ட நாடுகளை மட்டுமே கட்டுப்படுத்தும். எல்லா நாடுகளும் ஏற்கவில்லை.

நடைமுறையில் இதைவிட முக்கியமானது கேப்டனின் அதிகாரம். விமானத்துக்குள் ஒழுங்கைக் காக்க நடவடிக்கை எடுக்கவும், கடுமையான குற்றம் செய்ததாக அவர் கருதும் ஒருவரை இறங்கும் இடத்தில் அதிகாரிகளிடம் ஒப்படைக்கவும் டோக்கியோ உடன்படிக்கை வழிசெய்கிறது. ஒழுங்கைக் காக்கும் அந்த அதிகாரம் ஏறி முடித்து வெளிக்கதவுகள் மூடியதும் தொடங்கி, இறங்க ஒரு கதவு திறந்ததும் முடிகிறது. புகாரை எப்போது சொல்வது என்ற கேள்விக்கு விடை இந்த ஒரு வரியில் இருக்கிறது. கதவு திறப்பதற்கு முன் சொன்னால், தரையில் போலீசைக் காத்திருக்கச் சொல்லலாம், பயணிகளை நிறுத்திவைக்கலாம், பெட்டகம் அருகே யார் வந்தார் என்று பணியாளர்களை நினைவுபடுத்திப் பார்க்கச் சொல்லலாம். கதவு திறந்த பிறகு, சாட்சியும் சந்தேக நபரும் திருட்டுப் பொருளும் ஒரே வரிசையில் நடந்து வெளியே போய்விடுகிறார்கள்.

ஒப்படைத்த பெட்டி: பூட்டின் எல்லை

பூட்டு போட்டால் போதுமா? பெரும்பாலான பெட்டிகளில் பலவீனம் பூட்டில் இல்லை, ஜிப்பில். ஒரு பால்பாயின்ட் பேனா முனையால் ஜிப்பின் பல்வரிசையைக் குத்திப் பிளக்கலாம். இரண்டு ஜிப் தலைகளையும் ஒன்றோடொன்று பூட்டியிருந்தால், வேலை முடிந்தபின் அந்த ஜோடியைப் பூட்டோடு சேர்த்து இழுத்துப் பிளவின் மேல் ஒருமுறை ஓட்டினால் பல் மீண்டும் கூடிவிடும். பூட்டு பூட்டியபடியே, பெட்டி திறந்த அடையாளமே இல்லாமல்! ஜிப் தலைகள் பெட்டியின் உடலில் பதித்த பூட்டுக்குள் மாட்டிக்கொள்ளும் வகைப் பெட்டியில் தலையை நகர்த்த முடியாது. அதனால் பிளவு பிளவாகவே கிடந்து காட்டிக்கொடுத்துவிடும். ஜிப்பே இல்லாமல் கிளிப் போட்டு மூடும் கெட்டிப் பெட்டி இதைவிட நல்லது.

டி.எஸ்.ஏ. பூட்டு எனப்படும் வகையை அமெரிக்கப் பாதுகாப்பு அதிகாரிகள் மாஸ்டர் சாவியால் திறக்கலாம். அந்தச் சாவிகளின் படம் 2014இல் ஒரு நாளிதழில் வெளியாகி, 2015இல் முப்பரிமாண அச்சில் அச்சிடக்கூடிய கோப்புகளாக இணையத்தில் பரவிவிட்டது. இந்தப் பூட்டுக்கு இன்றிருக்கும் பயன், சோதனைக்காகப் பெட்டியை உடைக்காமல் திறப்பார்கள் என்பதுதான். திருடனைத் தடுக்கும் என்று நம்பி வாங்க வேண்டாம். மேலே சுற்றும் பிளாஸ்டிக் உறை திருட்டை நிறுத்தாது. யாரோ கை வைத்திருக்கிறார்கள் என்று பெட்டியை வாங்கும்போதே தெரியவைக்கும், அவ்வளவுதான்.

ஏர்டேக் போன்ற தடங்காட்டி பெட்டி எங்கே போனது என்று சொல்லும்; பெட்டிக்குள்ளிருந்து ஒன்று மட்டும் போனால் சொல்லாது. தொலைந்த பெட்டியைத் தேட அது நல்ல உதவி. 2024 இறுதியிலிருந்து அந்த இருப்பிடத் தகவலை விமான நிறுவனத்தோடு பகிரவும் வசதி வந்துவிட்டது.

இரண்டு கணக்கும் கலக்கும் இடம்

மிக அதிகமானவர்கள் ஏமாறும் இடம் விமானத்தின் வாசல். உள்ளே இடமில்லை என்று கைப்பையை அங்கேயே வாங்கிச் சரக்கறைக்கு அனுப்புவார்கள். அந்த நொடியில் ஒப்படைக்காத பை ஒப்படைத்த பையாகிவிடுகிறது. பணம், மடிக்கணினி, மருந்து எல்லாம் உள்ளே. பெரும்பாலும் பூட்டும் கிடையாது. பின்னால் வரிசை நெருக்குகிறது, ஊழியர் சீட்டை ஒட்டிவிட்டார்.

இதற்கு வீட்டிலேயே தயாராவதுதான் வழி. விலைமதிப்புள்ள எல்லாவற்றையும் கைப்பைக்குள் ஒரு சிறு பையில் தனியாக வைத்தால், ஒரே இழுப்பில் எடுத்துக்கொள்ளலாம். பவர் பேங்க்கையும் உதிரி லித்தியம் பேட்டரிகளையும் எப்படியும் எடுத்தே ஆக வேண்டும். அவை சரக்கறைக்குப் போகக்கூடாது என்பது சர்வதேச விதி. அவற்றை எடுக்கும் கையோடு பணத்தையும் எடுத்துவிடலாம்.

எதை எங்கே வைப்பது

1. உடம்பில்: பாஸ்போர்ட், ரொக்கம், அட்டைகள், போன். ஆடைக்கு உள்ளே அணியும் தட்டைப் பையோ, ஜிப் வைத்த உள்பாக்கெட்டோ போதும். இருக்கை முன் இருக்கும் பத்திரிகைப் பைக்குள் எதையும் வைக்காதீர்கள். அங்கே திருட்டைவிட மறதிக்குப் பலியாவதுதான் அதிகம்.

2. முன் இருக்கைக்கு அடியில்: நகை, மடிக்கணினி, கேமரா, முக்கிய ஆவணங்கள். பையின் வாரைக் காலில் ஒரு சுற்றுச் சுற்றிக்கொண்டு தூங்கலாம். அவசர வழி வரிசையிலும் முதல் வரிசையிலும் கிளம்பும்போதும் இறங்கும்போதும் கீழே பை வைக்க அனுமதிப்பதில்லை. விலைமதிப்புள்ளது கையில் இருக்கும் பயணத்தில் அந்த இருக்கைகளைத் தவிர்ப்பதே நல்லது, கால் நீட்ட இடம் இருந்தாலும்.

3. மேலே பெட்டகத்தில்: போனால் போகட்டும் என்று விடக்கூடியவை மட்டும். பையை உங்கள் இருக்கைக்குப் பின்னால் வைக்காதீர்கள். நடைபாதைக்கு எதிர்ப்பக்கம், சற்று முன்னால் வைத்தால் உட்கார்ந்தபடியே கண்ணில் படும். ஜிப் உள்பக்கம் பார்த்திருக்க வேண்டும். ஒரு சிறு பூட்டும் போடுங்கள்; பேனா வித்தை காட்ட நடைபாதையில் நின்றுகொண்டு யாருக்கும் அவகாசம் இருக்காது.

4. சரக்கறையில்: துணிமணி.

பாதுகாப்புச் சோதனைத் தட்டு தனிக்கதை. பர்ஸும் கடிகாரமும் தட்டில் தனியாக உருண்டு போகக்கூடாது. வரிசைக்கு வரும் முன்பே பைக்குள் போட்டுவிட வேண்டும். உலோகம் கண்டறியும் சட்டகத்தைக் கடக்க உங்களைக் கூப்பிடும் நேரம் பார்த்துத் தட்டைத் தள்ளுங்கள். முன்னால் நிற்பவர் நான்கு முறை திரும்பி வந்தால், உங்கள் தட்டு மறுபக்கத்தில் அநாதையாகக் கிடக்கும்.

போய்விட்டது என்று தெரிந்தால்

1. விமானம் இறங்கும் முன்: உடனே பணியாளரை அழைத்து, கேப்டனுக்குத் தெரிவிக்கவும் தரையில் போலீசை வரவழைக்கவும் கேளுங்கள். நீங்கள் சந்தேகிக்கும் நபரின் பையைப் பிடுங்கிச் சோதிக்க வேண்டாம். தவறாகிவிட்டால் குற்றவாளி நீங்கள். அவருடைய இருக்கை எண்ணைக் குறித்துக்கொண்டால் போதும். இணைய வசதி இருந்தால் அங்கிருந்தே அட்டைகளை முடக்கிவிடலாம்.

2. இறங்கியதும்: விமான நிலையப் போலீசில் எழுத்துப்பூர்வமாகப் புகார் கொடுத்து நகல் வாங்குங்கள். பயணக் காப்பீட்டுக்கு அந்த நகல்தான் உயிர். போர்டிங் பாஸைக் கிழித்துப் போட்டுவிடாதீர்கள்.

3. ஒப்படைத்த பெட்டியில் குறைந்தால்: சுங்கத்தைத் தாண்டி வெளியே போகும் முன்பே உடைமைக் கவுன்டரில் பதிவு செய்யுங்கள். பெட்டியின் எடை ஒரு நல்ல தடயம். ஒப்படைத்தபோது எத்தனை கிலோ என்பது பதிவாகியிருக்கும்; மீண்டும் எடைபோடச் சொல்லுங்கள். கவுன்டர் பதிவோடு நிற்காமல், பெட்டி கைக்கு வந்த 7 நாளுக்குள் நிறுவனத்துக்கு எழுத்தில் கோரிக்கை அனுப்ப வேண்டும். பெட்டியே வராவிட்டால், 21 நாள் கழிந்ததும் தொலைந்ததாகக் கருதி உரிமை கோரலாம். வழக்குப் போட இரண்டு ஆண்டுகள் அவகாசம்.

4. ஒருவர் பெட்டியில் இன்னொருவரின் பொருள் இருந்தால்: பொருளுக்குச் சொந்தக்காரரும் அதே விமானத்தில் பயணித்திருந்தால், தன் பங்குக்கு அவர் தனியாகவே கோரலாம் என்று ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் 2012இல் தீர்ப்பளித்தது. குடும்பமாகப் போகிறவர்கள் துணிமணியைக் கலந்து அடுக்கினால் கூரை நான்கு பேருக்குமாக விரிகிறது. எதில் யாருடையது இருந்தது என்று காட்ட, பெட்டியை மூடும் முன் போனில் எடுத்த ஒரு படம் உதவும்.

5. காப்பீட்டில்: 'கவனிப்பின்றி விட்ட பொருள்' என்ற விலக்கு பல பாலிசிகளில் இருக்கிறது. மேலே பெட்டகத்தில் வைத்துவிட்டுத் தூங்கியது அதில் அடங்குமா என்பது பாலிசிக்குப் பாலிசி மாறும். ரொக்கத்துக்குத் தனியாக ஒரு சிறிய வரம்பும் இருக்கும். இந்த இரண்டு வரிகளையும் வாங்கும் முன்பே தேடிப் படித்துவிட வேண்டும். கோரிக்கை கொடுக்கும் நாளில் படித்துப் பயனில்லை.